ரெண்டு விரக்கடை

வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அமுக்கு என்கிறார் மாமா, பிரேக் பெடலை அமுக்குகிறேன். இன்னொருக்கா என்கிறார், இன்னொரு தடவை அமுக்குகிறேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு புடி என்கிறார். புடி என்றால் காலை எடுக்காமல் பெடலின் மேல் அப்படியே வைத்துக்கொண்டு, புடிச்சிருக்கேன் என்று நான் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் அவர் வீலுக்கு உள்பக்கம் இருக்கிற சின்ன நிப்பிளை ஸ்பேனரால் கால் திருப்பு திறப்பார், பிரேக் ஆயிலும் காற்றும் ரப்பர் டியூப் வழியாக பாட்டிலுக்குள் குமிழி குமிழியாக இறங்கும், என் காலுக்கு அடியில் பெடல் தானாகத் தரையைப் பார்த்துப் போகும், அவர் நிப்பிளை மூடிவிட்டு விடு என்பார், அப்புறம்தான் நான் காலை எடுக்கலாம். அதற்கு முன்னால் எடுத்துவிட்டால் வெளியே போன காற்று அத்தனையும் திரும்பவும் உள்ளே வந்துவிடும், காலையிலிருந்து பார்த்த வேலை வீண். "புடிச்சிருக்கேன்" என்கிறேன். "என்ன பாப்பா?" "புடிச்சிருக்கேன் மாமா." "நீ சொல்றது உனக்காச்சும் கேக்குதா? இரும்புக்கு அடியில கெடக்கறேன், கோயில்ல வேண்டிக்கற மாதிரி சொன்னா எப்படி, நாலு தோட்டத்துக்குக் கேக்கோணும்." சிரிக்கிறார். நானும் சிரிக்கிறேன், அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது. கல்லூரியில் திரவ அழுத்தத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்குப் படத்தோடு விடை எழுதியிருக்கிறேன், ஓரிடத்தில் கொடுக்கிற அழுத்தம் திரவத்தின் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்று. மேலே ஒருத்தி மிதிக்க வேண்டும், கீழே ஒருத்தர் படுத்துக் கிடக்க வேண்டும், நடுவில் ஒரு சொல் போய்ச் சேர வேண்டும் என்று அந்தப் படத்தில் இல்லை. வாய்மொழித் தேர்வில் இதே கேள்வியைக் கேட்டார்கள், விடை தெரியும், நான் மேசையைப் பார்த்தேன், வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் மின்விசிறியைப் பார்த்தார், சரி போம்மா என்றார். சரி போம்மா. எத்தனை பேர் அதை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த சீட்டிலிருந்து பார்த்தால் அர்த்தநாரி மாமாவின் முழங்காலுக்குக் கீழேதான் தெரிகிறது, அப்புறம் இடது கை, ஸ்பேனரைத் தேடி அவ்வப்போது மண்ணுக்கு வருகிற இடது கை. கட்டைவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல். நடுவில் இரண்டு இல்லை. இல்லாத இடத்தில் தோல் வழவழவென்று, தேய்ந்த சோப்பு மாதிரி. பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஆறு செவ்வாய்க்கிழமைகளாகப் பார்க்கிறேன். அந்தக் கை மண்ணைத் தடவி ஸ்பேனரைக் கண்டுபிடித்து மூன்று விரலால் எடுத்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்தால் அதற்கு ஒன்றுமே குறைவில்லாத மாதிரி இருக்கிறது, அதுதான் என்னால் தாங்க முடியாமல் இருக்கிறது. விடு. விட்டேன். வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருக்கிறோம், எஞ்சினில் பேட்டரியே இல்லை, இந்த வண்டி பதினோரு வருஷமாக ஓர் அங்குலம் நகரவில்லை. அப்படியும் ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் இது நகர்ந்துவிடும் என்று தோன்றுகிறது. சீட்டைவிட்டு எட்டிக் கட்டையைப் பார்க்கிறேன். இருக்கிறது. மறுபடி பார்க்கிறேன். இருக்கிறது. அமுக்கு.

அப்பாவும் இவரும் சேர்ந்து இதைச் செய்தபோது நான் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். மூக்கு நீண்ட பழைய லாரி, அப்பாவைவிட வயது கூடினது, சங்ககிரியில் ஒரு யார்டில் வெட்டிப்போட வைத்திருந்தார்கள். அதை இழுத்து வந்து சேஸிஸைப் பாதியாக அறுத்து, ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு கியர்பாக்ஸ் வைத்து, பெரிய டயர் மாட்டி, மூன்று மாதத்தில் டிராக்டர் ஆக்கினார்கள். முன் கியர்பாக்ஸ் வேகத்துக்கு, பின் கியர்பாக்ஸ் இழுவைக்கு. தைப்பூசத்தன்றைக்கு ஓட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில் பின் சக்கர அச்சைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள், அது தெரியவே இல்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, அப்பா ஏறி உட்கார்ந்து முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார். வண்டி விறுவிறுவென்று பின்னால் போய் சோளத்தட்டுப் போருக்குள் நுழைந்து நின்றது. எலுமிச்சம்பழம் அப்படியே முழுசாகக் கிடந்தது. ஊரே சிரித்தது. அப்பாதான் அதிகமாகச் சிரித்தார், தட்டுப் போருக்குள்ளிருந்து அவர் சிரிக்கிற சத்தம் மட்டும் வந்தது. இவர் அப்போதே கழற்றி மாற்றுகிறேன் என்றதற்கு, "உடு நாரி, பின் கியர்பாக்ஸுல ரிவர்ஸப் போட்டா முன்னால போவுது, முன்னுக்குப் போட்டா பின்னால போவுது, அவ்வளவுதான. நமக்குத் தெரிஞ்சாப் போதும். எந்தத் திருடன் வந்தாலும் ஓட்டீட்டுப் போவ முடியாது பாரு" என்றார். அன்றிலிருந்து இதற்கு எதிர்க்கட்சி என்று பேர். எதிர்க்கட்சி உழுவுது, எதிர்க்கட்சி மஞ்சள் ஏத்தீட்டுப் போவுது. அப்பாவின் கைக்கு அது பழகிவிட்டது, யோசிக்காமலே பின் கியர்பாக்ஸின் குமிழைப் பிடித்து ரிவர்ஸில் தள்ளுவார், வண்டி முன்னால் போகும். அந்தக் குமிழ் பச்சைக் கண்ணாடி, உள்ளே ஒரு பூ. இப்போது என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, போன வாரம்தான் துடைத்தேன், பூ அப்படியே இருக்கிறது.

நான் ஏழாவது படிக்கும்போது பின்னச்சில் பேரிங் போய்விட்டது. தலைகீழாக இருப்பதால் எண்ணெய் மேலே ஏறவில்லை, காய்ந்து போய்விட்டது என்று இவர் சொன்னார். அப்பா ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் காங்கயம் பக்கம் போயிருந்தார். அந்த இரண்டு நாளில் இவர் தனியாக அச்சை இறக்கி, பேரிங் மாற்றி, நேராகத் திருப்பி மாட்டிவிட்டார். சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார், அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தாள், நான் படியில் உட்கார்ந்து நிலப்படத்தில் ஆறுகளுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தேன். "நேரா மாத்தீட்டேன் பாப்பா. இனி எல்லா வண்டி மாதிரியுந்தான், முன்னுக்குப் போட்டா முன்னால போவும். அப்பாகிட்டச் சொல்லீரு." தலையாட்டினேன். "மறந்தராத." அதற்கும் தலையாட்டினேன். மறக்கவில்லை. மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அன்று இரவு அப்பா வந்தபோது கூட மூன்று பேர் வந்தார்கள், கல்யாண வீட்டு ஆட்கள், கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். அப்பா, மாமா அச்ச நேரா மாத்தீட்டாரு. அப்பா, அச்சு நேராயிருச்சு. இரண்டாவது சின்னதாக இருந்தது, அதைச் சொல்லலாம் என்று முடிவு செய்து வெளியே வந்தேன். மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஒருவர், "ஏனம்மிணி, என்ன படிக்கற?" என்றார். "ஏழாவது" என்றேன். உள்ளே போய்விட்டேன். அவ்வளவுதான். அன்றைக்கு என்னிடம் இருந்ததே ஒரு சொல்தான், அதை அந்த மனிதருக்குக் கொடுத்துவிட்டேன், அவர் யாரென்றுகூட இன்றுவரை தெரியாது. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்தேன், தூங்கியும் விட்டேன்.

புடி. "புடிச்சிருக்கேன்." "ஆங், இப்ப கேட்டுச்சு." பெடல் இறங்குகிறது. முதலில் பஞ்சை மிதிக்கிற மாதிரி இருந்தது, இப்போது கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது. வலது வீல் முடிந்துவிட்டது, இது இடது, இதுதான் கடைசி. இதுவும் முடிந்தால் அடுத்த செவ்வாய் பேட்டரி வைத்து ஸ்டார்ட் செய்துவிடலாம் என்றார், அதற்கு மேல் இவர் இங்கே வர வேண்டிய வேலை இல்லை. அதனால் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். போன செவ்வாயும் அதனால் இன்றைக்கு என்றுதான் நினைத்தேன். அச்சு மாறினதைச் சொல்லாமல் விட்டது நான்தான் என்று எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது. கல்யாணத்திலிருந்து அப்பா வந்த மறுநாள் காலை டிரெய்லரை ஆட்கள் கையாலேயே தள்ளி வந்து வண்டிக்குப் பின்னால் நிறுத்தினார்கள், இவர் நடுவில் நின்று கொக்கியில் பின்னைச் செருகப் பார்த்தார், துளை சேரவில்லை. ரெண்டு விரக்கடை முன்னால எடுங்கண்ணா என்றார். ரெண்டு விரக்கடை. அம்மா அரிசிக்கு மேல் தண்ணீர் வைக்கிற அளவு, பாத்தி வெட்டும்போது வரப்புக்கு விடுகிற அளவு, இரண்டு விரலை ஒட்டி வைத்தால் வருகிற அகலம். நான் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். வாயில் நுரை. வண்டி உறுமிக்கொண்டிருந்தது, அப்பாவின் கை பச்சைக் குமிழைப் பிடித்து ரிவர்ஸில் தள்ளியதைப் பார்த்தேன். பார்த்தேன். துப்பிவிட்டுக் கத்தியிருக்கலாம். நாலு தோட்டத்துக்குக் கேட்கிற மாதிரி. எவ்வளவு நேரம் இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன், கியர் விழுந்து கிளட்ச் எழும்ப இரண்டு நொடி, மூன்று நொடி, ஒரு பேர் சொல்லிக் கூப்பிட அது போதும். நுரையை விழுங்கினேன். வண்டி பின்னால் போனது.

கத்தினது இவர் இல்லை, அப்பாதான். இடது கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இவர் மண்ணில் உட்கார்ந்திருந்தார், துண்டு சிவந்துகொண்டே இருந்தது, அப்பா குதித்து இறங்கிவந்து இவர் தோளைப் பிடித்து உலுக்கினார், "யாரக் கேட்டுடா மாத்துன? சொல்ல மாட்டியா? வாயில என்ன வெச்சிருந்த?" இவர் நிமிர்ந்து, "சொல்லச் சொல்லி…" என்று ஆரம்பித்தார். அப்புறம் குழாயடியைப் பார்த்தார். நான் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று மட்டும் என்னால் கணக்குப் போட முடியவில்லை. "மறந்துட்டனுங்கண்ணா" என்றார். "இது மறக்கற விசயமாடா?" அதுதான் அப்பா இவரோடு பேசிய கடைசி வார்த்தை. வண்டியையும் அன்றோடு ஷெட்டில் பூட்டிவிட்டார். ஆஸ்பத்திரிக்கும் வேறு ஆட்கள்தான் கூட்டிப் போனார்கள். அப்பாவுக்குக் கோபம் இல்லை, பயம், தன் கை அதைச் செய்தது என்ற பயம், அதை யார் மேலாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது, இப்போது எனக்கு அது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்ததெல்லாம் நான் தப்பித்துவிட்டேன் என்பதுதான். அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் போனேன். சமூக அறிவியலில் நிலப்படத்துக்கு நன்று என்று டீச்சர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அம்மா டீ கொண்டுவருகிறாள், டம்ளரை வீலின் மட்கார்டு மேல் வைக்கிறாள். "ஏனுங் நாரியண்ணா, இந்த இரும்புக்கு இன்னும் உசுரு இருக்குதுங்களா?" "நம்மள விட கெட்டியா இருக்குதுங்." "எதிர்க்கட்சி இப்பவும் ஆளுங்கட்சிதானா, இல்ல மறுபடி திருப்பி மாட்டீட்டீங்களா?" என்று அம்மா சிரிக்கிறாள். கீழேயிருந்து பதில் வருகிறது. "நேராத்தான் மாட்டியிருக்கேனுங். பாப்பாகிட்டச் சொல்லியிருக்கேன், அவுங்கப்பாகிட்டச் சொல்லச் சொல்லி." சொன்னார். போன செவ்வாய், கிட்டத்தட்ட அதே சொற்கள், நேராத்தான் வெச்சிருக்கேன், அப்பாகிட்டச் சொல்லீரு பாப்பா. வேண்டுமென்றே சொன்னாரா, வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னாரா, என் முகத்தைப் பார்க்காமல் நட்டை முடுக்கிக்கொண்டே சொன்னார். நான் தலையாட்டினேன். ஏழு நாள் ஆகிவிட்டது. "இவகிட்டயா?" என்கிறாள் அம்மா. "நல்ல ஆளப் புடிச்சீங்க போங்க. நேத்து தயிர் தீந்து போச்சுங்கறதச் சொல்றதுக்கு அடுப்படில பத்து நிமிசம் நின்னா. எம்மெஸ்ஸி படிச்சு என்னத்துக்கு, வாயத் தொறக்கறதுக்கு ஒரு பரிட்ச வெச்சிருந்தா அதுல பெயிலு." எனக்குக் கோபம் வரவில்லை. டீயை எடுக்கப் போனால் காலை எடுக்க வேண்டும். "ஆறீரும், குடி" என்று சொல்லிவிட்டு அம்மா போகிறாள். அவளுக்குத் தெரியாது. அப்பாவையும் இவரையும் பிரித்ததும் தயிர் மாதிரி நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம்தான் என்று.

இவரைத் தேடிப் போன அன்று பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றேன். லாரிக்குப் பாடி கட்டுகிற இடம், ஒரே தட்டல். இவரே வெளியில் வந்து, "யாரு, வையாபுரி அண்ணன் மகளா?" என்றார். வண்டி என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, "உங்கப்பாரு இல்லாத நாளாப் பாத்துச் சொல்லு, வர்றேன்" என்றார். அப்பாவிடம், வண்டியைச் சரி பண்ணலாம் என்றிருக்கிறேன், சங்ககிரியிலிருந்து ஆள் வருவார் என்று மட்டும் சொன்னேன். யார் என்று கேட்கவில்லை. முதல் செவ்வாய் வழக்கம்போல் சந்தைக்குக் கிளம்பும்போது ஷெட் சாவியை எடுத்துக் கொடுத்தார். திறந்து பார்த்தால் சீட்டின் மேல் எண்ணெய்த் துணியில் சுற்றின ஒரு ஸ்பேனர், பழையது, துருவே இல்லை. பதினோரு வருஷம் எங்கே வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாரோ. இவர் அதைப் பிரித்துப் பார்த்தார், புரட்டினார், இது என்னுது என்றார். அப்படியானால் அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது யார் வருகிறார் என்று. தெரிந்துதான் ஒவ்வொரு செவ்வாயும் ஒரு மணிக்கு முன்னால் திரும்புவதில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சேர்ந்து வேலை செய்கிறார்கள், நடுவில் நான் இருக்கிறேன், அப்போதும் இருந்தேன். அமுக்கு. இன்னொருக்கா. குமிழி இப்போது ஒன்று ஒன்றாகத்தான் வருகிறது என்கிறார், இன்னும் நாலஞ்சு தரம் போதும். நாலஞ்சு தரம். அதற்குள். யாரிடம்? இவரிடம் மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லை பாப்பா என்பார், எனக்குப் பாரம் இறங்கிவிடும், அப்பாவுக்கு ஒன்றும் இறங்காது. மொபெட் சத்தம் கேட்கிறது.

பதினோரு மணிதான் ஆகிறது. வேறு யாராவதாக இருக்கும். இல்லை, சைலன்சரில் ஓட்டை, அப்பாவுடையதுதான். கீழே இவரும் கேட்டிருக்க வேண்டும், கால்விரல்கள் மடங்கி நிமிர்கின்றன. "புடி" என்கிறார், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. புடித்திருக்கிறேன். பெடல் இறங்குகிறது. விடு. அப்பா ஷெட் வாசலில் நிற்கிறார், கையில் சந்தைப் பை, வெயில் முதுகில் இருப்பதால் முகம் இருட்டு. கீழே நீண்டிருக்கும் கால்களைப் பார்க்கிறார். திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன், பையைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தார். என்னிடம்தான் கேட்டார், "பிரேக்கு நிக்குதா, அம்மிணி?" தலையாட்டினேன். வண்டியின் மூக்கைத் தொட்டார், ஸ்டியரிங்கைத் தொட்டார், அப்புறம் அந்தக் கை, யோசிக்கவே இல்லை, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்தக் கை பச்சைக் குமிழைப் பிடித்து, கட்டைவிரலால் பூவின் மேல் ஒரு தடவை தேய்த்து, ரிவர்ஸில் தள்ளியது. டக். பேட்டரி இல்லை, கட்டை இருக்கிறது, ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது.

"அப்பா, அச்சு நேராயிருச்சு."

என் குரல்தானா அது? தகரக் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. அப்பா குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டார், சூடு பட்ட மாதிரி. "என்னது?"

"நேரா மாத்தியிருக்குது. முன்னுக்குப் போட்டாத்தான் முன்னால போவும். உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."

"எப்ப?"

போன வாரம் என்று சொல்லலாம். போன வாரமும் உண்மைதான். அப்பா அதைத்தான் எதிர்பார்க்கிறார், மேலே பார்த்துக்கொண்டு சாதாரணமாக நிற்கிறார், போன வாரம் என்றால் சரி என்பார், சரி போ அம்மிணி.

"நான் ஏழாவது படிச்சப்ப."

கூரைத் தகரம் வெயிலுக்கு ஒரு தடவை விரிந்து சத்தம் போட்டது. அப்பா வாயைத் திறந்து மூடினார், அந்த மாதிரி அவரை நான் பார்த்ததில்லை, அது என்னுடைய வாய். பிறகு என்னை விட்டுவிட்டுக் கீழே பார்த்து, மெதுவாக, "இவகிட்டச் சொன்னியா?" என்றார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு மாமாவிடம் பேசின முதல் வார்த்தை. கீழே ஸ்பேனரை மண்ணில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "காத்து இன்னும் கொஞ்சம் இருக்குது. பாப்பா, அமுக்கு" என்றது குரல். மறுபடியும். மறுபடியும் எனக்காக மறைக்கிறார். "சொன்னாருப்பா" என்றேன், அமுக்கினேன். "சாயங்காலமே சொன்னாரு, நாந்தான் சொல்லல", அமுக்கினேன். "அவரு மறக்கல", அமுக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்து பச்சைக் குமிழ் பெரிசாகித் தெரிகிறது, பேசாமல் போன இத்தனை வருஷத்தை அப்பா இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பார், சொல்லாமலே இருந்திருக்கலாமோ, அதுவும் இப்போது தோன்றுகிறது.

"புடி."

"புடிச்சிருக்கேன்!"

நாலு தோட்டத்துக்குக் கேட்டிருக்கும். இடது கை வெளியே வந்தது. மண்ணில் ஸ்பேனரைத் தேடித் தடவியது, ஸ்பேனர் ரெண்டு விரக்கடை தள்ளிக் கிடந்தது, மூன்று விரலும் நீண்டு பார்த்தும் எட்டவில்லை. என்னால் இறங்கி எடுத்துத் தர முடியாது, காலை எடுக்கக் கூடாது. அப்பா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வேட்டியை மடித்துக்கொண்டு ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கக் குனிந்தார். சீட்டிலிருந்து எனக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது, அது எழும்பவே இல்லை. நிப்பிளை இன்னும் யாரும் திறக்கவில்லை, என் காலுக்கு அடியில் பெடல் கல் மாதிரி நின்றது.